கொடிக்கு உரியவர் வந்த பிறகு கொடி ஏறட்டும்: டெல்டா விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர், காரைக்கால் மாவட்டங்களில் கடற்படை விருந்தினரை அழைத்து விழா நடத்தும் பள்ளி, கல்லூரி நிர்வாகத்தாருக்கும், மீனவப் பஞ்சாயத்தாருக்கும், அவர்களுக்குக் கொடியும் பேனரும் செய்து கொடுக்கும் தையற்காரர்களுக்கும் அச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

டிசம்பர் 4 கடற்படை நாள். அதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே நம் ஊர்த் தையற்கடைகளுக்கும் பிளக்ஸ் கடைகளுக்கும் ஆர்டர் வரத் தொடங்கிவிடும். "நேவி கொடி இருபது, அட்மிரல் கொடி நாலு, பெரிய சைஸ்" என்று சொல்லிவிட்டுப் போனில் ஒரு படத்தை அனுப்புவார்கள். அந்தப் படம் வேறு நாட்டுக் கடற்படையின் கொடியாக இருக்கும். இல்லையென்றால் நம் கடற்படை கைவிட்ட பழைய வடிவமாக இருக்கும். தைத்து வந்ததும் பந்தல்காலுக்கு ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். விருந்தினர் வருவது காலை பத்து மணிக்கு. கொடி முந்தின நாள் ராத்திரியே மழையில் நனைந்துகொண்டிருக்கும். வருகிறவர் கமாண்டர் பதவியில் இருப்பார். அவர் தலைக்கு மேலே, அவரைவிடப் பல படி உயர்ந்த வைஸ் அட்மிரலின் கொடி ஆடிக்கொண்டிருக்கும்.

செய்கிறவர்கள் மரியாதைக்காகத்தான் செய்கிறார்கள். அந்த மரியாதை உரியவரிடம் சரியாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே இந்த மடல். கடற்படையின் சிக்னல் பிரிவில் கொடி ஏற்றுவதையும் இறக்குவதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகச் செய்தவர்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு போர்க்கப்பலில் எந்தக் கொடி எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம். துறைமுகத்தில் கட்டியிருக்கும் இந்தியப் போர்க்கப்பலின் முகப்பில், அதாவது அணியத்தில், தேசியக்கொடி. பின்பக்கம் கடற்படைக் கொடி. என்சைன் என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டும் காலை 8 மணிக்கு ஏறி, சூரியன் மறையும்போது இறங்கும். பாய்மர உச்சியில் இருப்பது மூன்றாவது. அங்கே சாதாரணமாக மாஸ்ட்ஹெட் பென்னண்ட் என்ற, நீண்டு ஒடுங்கிய கொடி பறக்கும். கப்பல் கடற்படைப் பணியில் சேர்க்கப்படும் நாளில் அது ஏறும். ஓய்வு கொடுக்கப்படும் நாளின் அந்தி வரை இரவு பகல் பாராமல் அங்கேயே இருக்கும். கிழிந்தால் புதியது மாற்றுவார்களே தவிர அந்த இடம் காலியாக இருக்காது. ஓய்வு பெறும் கப்பலுக்கு மட்டும் மிக நீளமான ஒரு பென்னண்டைக் கட்டி வழியனுப்புவது மரபு.

கப்பலில் ஒரு கொமடோரோ அட்மிரலோ தலைமை ஏற்றால் அந்தப் பென்னண்ட் இறங்கி, அதே உச்சியில் அவருடைய பதவிக்கொடி ஏறும். கொமடோருக்கு உரியது பிராட் பென்னண்ட். மரபுப்படி வால் பிளந்த அகலக் கொடி. ரியர் அட்மிரலுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் முழுக்கொடி. ஆங்கிலத்தில் இவர்களைக் கொடி அதிகாரிகள் என்றே அழைக்கிறார்கள். கேப்டனுக்கும் கமாண்டருக்கும் லெப்டினென்ட் கமாண்டருக்கும் பதவிக்கொடி கிடையாது. அவர்கள் நடத்தும் கப்பலுக்கு மாஸ்ட்ஹெட் பென்னண்ட் உண்டு, அது கப்பலுக்கு உரியது. நம் ஊர் விழாக்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பதவிகளில் இருப்பவர்கள். அவர்களுக்காக எந்தப் பதவிக்கொடியும் தைக்கத் தேவையில்லை. செலவு மிச்சம்.

பதவிக்கொடி சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: "இன்ன பதவியில் உள்ளவர், இந்த இடத்தில், இப்போது தலைமை வகிக்கிறார்." மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வருகின்றன. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களில் தலைமை வகிக்க முடியாது. அதனால் அவர் கொடி இரண்டு கப்பலில் பறக்காது. அவர் வேறு கப்பலுக்கு மாறினால், அங்கே கொடி விரியும் அதே நொடியில் இங்கே இறங்கும். தலைமை ராத்திரியில் ஓய்வதில்லை. அதனால் பதவிக்கொடி அந்தியில் இறங்காது. ஒரே படகில் இரண்டு கொடி அதிகாரிகள் ஏறினால் மூத்தவருடைய கொடி மட்டும் நிற்கும். பதவி நீங்கினால் கொடியும் நீங்கும். ஓய்வு பெற்ற அட்மிரலை நாம் அட்மிரல் என்றே அழைக்கிறோம், அது மரியாதை. அவருக்குக் கொடி ஏற்றுவது மரியாதையில் சேராது, ஏனென்றால் அந்தக் கொடி இப்போது வேறொருவருக்கு உரியது.

இது டெல்டாக்காரர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. கோயிலில் கொடியேற்றம் ஆனால் உற்சவம் தொடங்கிவிட்டது, கொடியிறக்கம் ஆனால் முடிந்துவிட்டது. உற்சவம் இல்லாத நாளில் அழகுக்காகக் கொடிமரத்தில் கொடி ஏற்றச் சொன்னால் எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்? வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 ஏறும் கொடி செப்டம்பர் 8 திருநாளோடு இறங்குகிறது. நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாகக் கொடி வந்து, மினாராக்களில் ஏறுகிறது. ஏறிய பிறகுதான் விழா. இந்தக் கணக்கைத்தான் கடற்படைக் கொடிக்கும் வையுங்கள் என்கிறோம்.

கொடி தவறாகச் சேதி சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வெளியூர் போகவேண்டாம். பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் நாகப்பட்டினம் கடலில் 1746, 1758, 1782 என மூன்று முறை மோதினார்கள். மூன்றாவது சண்டை 1782 ஜூலை 6 அன்று நடந்தது. பிரிட்டிஷ் தரப்பில் வைஸ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், பிரெஞ்சுத் தரப்பில் சுஃப்ரென். நடுப்பகலில் காற்று திடீரென்று தெற்கே திரும்பியதில் இரண்டு அணிகளும் கலைந்து போயின. அந்தக் குழப்பத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைய முடிவு செய்து கொடியை இறக்கச் சொன்னார். எதிரே இருந்த பிரிட்டிஷ் கப்பல் சுல்தான், பிடித்த கப்பலை ஏற்றுக்கொள்வதற்காக நின்றது. அதற்குள் செவேரின் மற்ற அதிகாரிகள் ஒப்புக்கொள்ளாமல் கொடியை மறுபடி ஏற்றி, நின்றுகொண்டிருந்த சுல்தான் மேல் சுட்டார்கள். கொடி இறங்கியது சரணடைந்ததற்கு அடையாளம், ஆகவே அந்தக் கப்பலை ஒப்படைக்கவேண்டும் என்று ஹியூஸ் கடிதம் அனுப்பினார். கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்துதான் கொடி விழுந்தது என்று சுஃப்ரென் பதில் சொன்னார். துணி ஒன்று கீழே வந்தது, அவ்வளவுதான். அது சரணா, அறுந்த கயிறா என்ற வழக்கு நம் கரைக்கு எதிரே நடந்தது. கொடிக்கயிற்றைப் பற்றி நாங்கள் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் பதவியைச் சொன்னது கொடி நின்ற இடம். மூன்று பாய்மரக் கப்பலில் அட்மிரல் கொடி நடுமரத்தில், வைஸ் அட்மிரல் கொடி முன்மரத்தில், ரியர் அட்மிரல் கொடி பின்மரத்தில். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்து பாய்மரங்கள் குறைந்துபோனதும் இடத்தை வைத்துப் பதவி சொல்ல வழியில்லாமல் போனது. அதனால் கொடியிலேயே அடையாளம் போட்டார்கள். பிரிட்டிஷ் முறையில் வெள்ளைக் கொடியில் சிவப்புச் சிலுவை அட்மிரலுக்கு. கம்பத்தோரம் ஒரு சிவப்புப் பந்து சேர்ந்தால் வைஸ் அட்மிரல். இரண்டு பந்து என்றால் ரியர் அட்மிரல். பந்து கூடக்கூடப் பதவி குறைகிறது. அமெரிக்காவில் நேர் எதிர்: நீலக் கொடியில் வெள்ளை நட்சத்திரம் கூடக்கூடப் பதவி உயர்கிறது. நம் ஊர்ப் பேனர்களில் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. "ரெண்டு பந்து போட்டால் பெரியவர்" என்று நினைத்துத் தைத்துவிடுகிறார்கள். நம் கடற்படை அதிகாரிகளின் காரில் இருக்கும் நட்சத்திரத் தகடு கொமடோருக்கு 1, ரியர் அட்மிரலுக்கு 2, வைஸ் அட்மிரலுக்கு 3, அட்மிரலுக்கு 4 என்று ஏறுவரிசையில் போகிறது. அந்தக் கணக்கைப் பிரிட்டிஷ் கொடியின் பந்துக்குப் போட்டதால் வந்த பிழை இது.

இனி, தையற்காரர்களும் அச்சகத்தாரும் கவனிக்க வேண்டியது. இந்தியக் கடற்படைக் கொடி குடியரசான பிறகு பலமுறை மாறியிருக்கிறது. 1950 ஜனவரி 26 வரை பிரிட்டிஷ் வெள்ளை என்சைன். அன்றிலிருந்து மூலையில் யூனியன் ஜாக் இருந்த இடத்துக்கு மூவர்ணம் வந்தது, சிவப்புச் சிலுவை தொடர்ந்தது. 2001-ல் சிலுவை போய், நீலத்தில் கடற்படைச் சின்னம் வந்தது. 2004-ல் சிலுவை திரும்பி வந்து, அதன் நடுவில் சிங்க முகச் சின்னம் சேர்ந்தது. 2014-ல் சின்னத்தின் கீழே "சத்யமேவ ஜயதே" சேர்ந்தது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் பணியில் சேர்ந்த விழாவில் இப்போதைய கொடி வெளியானது: வெள்ளைத் துணி, கம்பத்தோர மேல் மூலையில் மூவர்ணம், மறுபாதியில் தங்கநிற விளிம்புள்ள கருநீல எண்கோணம், அதற்குள் நங்கூரத்தின் மேல் தேசியச் சின்னம். சிலுவை கிடையாது. இதையொட்டிப் பதவிக்கொடிகளும் மாஸ்ட்ஹெட் பென்னண்டும் கார் கொடிகளும் புது வடிவம் பெற்றன. இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பழையதுதான். ஆகையால் ஒரே வழி: அதிகாரியின் அலுவலகத்திடம் கேளுங்கள். கொடி தேவைப்படும் நிகழ்ச்சியாக இருந்தால் அவர்களே கொண்டுவருவார்கள். நீங்கள் தைக்கவே வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. கண்காட்சியில் பழைய படம் வைத்தால் அதிலிருக்கும் பழைய கொடியை "சரிசெய்து" புதுக்கொடியை ஒட்டாதீர்கள். நம் ஆற்றின் பெயரில் 1943-ல் பணியில் சேர்ந்த காவேரி என்ற ஸ்லூப் (சிறிய போர்க்கப்பல்), முதலில் பிரிட்டிஷ் வெள்ளை என்சைனோடும் 1950-க்குப் பிறகு மூவர்ண மூலையுள்ள கொடியோடும் ஓடியது. படத்தில் எந்தக் கொடி என்று பார்த்தாலே அது எந்தக் காலத்துப் படம் என்று சொல்லிவிடலாம். கொடியை மாற்றிவிட்டால் அந்தச் சான்று போச்சு.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போதைய கடற்படைக் கொடியில் தேசியச் சின்னம் இருக்கிறது. அந்தச் சின்னத்தின் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பேனரில் அலங்காரமாக, கடைப் பெயருக்குப் பக்கத்தில், சங்கத்தின் லெட்டர்பேடில் போட அனுமதி கிடையாது. தேசியக்கொடிக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பும் இருக்கின்றன. மூவர்ணத்தைத் தோரணமாகக் கட்டக் கூடாது. ஒரே கம்பத்தில் அதோடு வேறு கொடியை ஏற்றக் கூடாது. அதைவிட உயரத்தில் வேறு கொடி நிற்கக் கூடாது. மேடையில் வைத்தால் பேசுகிறவரின் வலப்பக்கம், அதாவது கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம்.

பிறகு தோரணத்துக்கு என்னதான் கட்டுவது? இதற்குக் கடலிலேயே பதில் இருக்கிறது. விழா நாளில் கப்பல்கள் முன்முனையிலிருந்து பாய்மர உச்சி வழியாகப் பின்முனை வரை வண்ணக்கொடி மாலை கட்டிக்கொள்கின்றன. அந்த மாலையில் தேசியக்கொடியோ என்சைனோ பதவிக்கொடியோ சேராது. சர்வதேச சிக்னல் கொடிகள் மட்டும்: ஆங்கில எழுத்துக்கு 26, எண்ணுக்குப் பென்னண்ட் 10, முன்வந்த கொடியைத் திரும்பச் சொல்லும் சப்ஸ்டிட்யூட் 3, சேதி கிடைத்தது என்று சொல்லும் பதில் பென்னண்ட் 1, ஆக 40. வண்ணம் கலந்து அழகாக விழுவதற்கென்றே ஒரு வரிசை வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு எழுத்துக்கு ஒரு பென்னண்ட் அல்லது சப்ஸ்டிட்யூட். பதில் பென்னண்ட் இந்த வரிசையில் சேராது, ஆகவே மாலைக்கு 39 கொடி. ஏ, பி, 2. யு, ஜே, 1. கே, ஈ, 3. ஜி, ஹெச், 6. ஐ, வி, 5. எஃப், எல், 4. டி, எம், 7. பி, ஓ, மூன்றாம் சப்ஸ்டிட்யூட். ஆர், என், முதல் சப்ஸ்டிட்யூட். எஸ், டி, 0. சி, எக்ஸ், 9. டபிள்யூ, க்யூ, 8. இசட், ஒய், இரண்டாம் சப்ஸ்டிட்யூட். தமிழில் எழுதும்போது இரண்டு இடத்தில் குழப்பம் வரும்: 7-க்கு முன்னால் வரும் டி, ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து, எஸ்-க்குப் பின்னால் வருவது இருபதாம் எழுத்து. அதேபோல் 2-க்கு முன்னால் வரும் பி இரண்டாம் எழுத்து, ஓ-வுக்கு முன்னால் வருவது பதினாறாம் எழுத்து. தையற்காரரிடம் பெயரைச் சொல்வதோடு நிற்காமல் நிறத்தையும் காட்டிவிடுங்கள்.

அளவு: கயிற்றோரம் 30 செ.மீ. உயரமுள்ள கொடிகள், நடுவில் 10 செ.மீ. இடைவெளி என்றால் 39 கொடிக்கு 15.6 மீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட 51 அடி. இரண்டு முனையிலும் கட்ட இரண்டிரண்டு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். விசைப்படகில் கட்டினால் கொடி உயரத்தை 20 செ.மீ. ஆக்குங்கள். இந்த வேலைக்கு நம் ஊரில் சரியான கைகள் இருக்கின்றன. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் தேருக்குத் தொம்பையும் தேர்ச்சீலையும் தைப்பவர்கள் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதில் தேர்ந்தவர்கள். சிக்னல் கொடி அதே வேலைதான். ஒன்று மட்டும் கூடுதல்: உருவம் இரண்டு பக்கமும் தெரியவேண்டும். மேலே வைத்துத் தைத்த பிறகு பின்பக்கத் துணியைத் தையலுக்கு உட்புறமாக வெட்டி எடுத்துவிட்டால் அது கிடைத்துவிடும்.

கயிறு கோக்கும் ஓரம் தப்பினால் கொடியே வேறாகிவிடும். இருபதாம் எழுத்துக் கொடி கம்பத்தோரத்திலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம். கயிற்றை எதிர்ப்பக்கம் கோத்தால் நீலம், வெள்ளை, சிவப்பு. அப்படியே பிரான்சு நாட்டின் கொடி. காரைக்கால் விழாவில் இப்படி ஒன்று தொங்கினால் என்னவெல்லாம் பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டும்போதே கம்பத்தோரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்தத் தவறு வராது.

மீனவப் பஞ்சாயத்தாருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிக்னல் கொடிகள் மாலையாக இருக்கும்போது அலங்காரம். தனியாக நின்றால் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. வெள்ளையில் சிவப்புப் பெருக்கல்குறி போட்ட வி கொடி "எனக்கு உதவி வேண்டும்" என்கிறது. நீல விளிம்பு, வெள்ளை, நடுவில் சிவப்பு உள்ள டபிள்யூ "மருத்துவ உதவி வேண்டும்" என்கிறது. மூலைவிட்டமாகச் சிவப்பும் மஞ்சளுமான ஓ "ஆள் கடலில் விழுந்துவிட்டார்" என்கிறது. என் கொடிக்குக் கீழே சி கொடி சேர்ந்தால் அது ஆபத்து அழைப்பு. விழா முடிந்து மாலை அறுந்து, மிச்சமிருக்கும் ஒரு கொடியோடு படகு முகத்துவாரம் தாண்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கரைக்குத் திரும்பியதும் மாலையை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். காற்று பார்க்கப் படகு உச்சியில் நீளத் துணி கட்டுவது காலகாலமாக இருக்கும் வழக்கம், அதில் தப்பே இல்லை. அதன் தலைப்பில் கடற்படைச் சின்னம் தைத்தால்தான் அது மாஸ்ட்ஹெட் பென்னண்ட் மாதிரி ஆகிவிடும். அதற்குப் போர்க்கப்பலுக்கு மட்டுமே உரிமை.

கொடி அதிகாரி ஒருவரே வருகிறார், அவருடைய ஆட்கள் பதவிக்கொடி கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் பொறுப்பு கம்பமும் கயிறும்தான், தொல்லைகள் வருவதும் அங்கேதான். 20 அடிக் கம்பத்துக்கு 900 × 600 மி.மீ. கொடி போதும், 1350 × 900 தாராளம். அதற்கு மேல் போனால் டிசம்பர் வாடையில் கம்பம் ஆடும். கயிறு கம்பத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கும், கட்ட ஐந்தடியும் வேண்டும். 20 அடிக்கு 45 அடி. வலைக்கு வாங்கும் பச்சைப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் விறைத்து நார்நாராகப் பிரியும்; கப்பியில் மாட்டிக்கொள்ளும். 6 முதல் 8 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். இரும்புக் கப்பி நாகைக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பித்தளை அல்லது நைலான் கப்பி போடுங்கள். இரண்டு நாள் முன்னால் ஏதாவது ஒரு துணியைக் கட்டி மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உலர்ந்த கயிற்றில் ஓடிய கப்பி நனைந்த கயிற்றில் ஓடாமல் நிற்பதுண்டு, ஆகவே ஒரு முறை கயிற்றை நனைத்தும் பாருங்கள். டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், கொடி தென்மேற்காகப் பறக்கும். அந்தப் பக்கம் வேப்பமரமோ விளக்குக் கம்பமோ இல்லாத இடமாகக் கம்பத்தை நடுங்கள்.

கொடியின் கம்பத்தோரத்தில் மேலே ஒரு சின்ன மரக்கட்டை இருக்கும், டாகிள் என்பார்கள். கீழே ஒரு வால்கயிறு இருக்கும். கொடிக்கயிற்றின் ஒரு முனையில் வளையம். டாகிள் அந்த வளையத்துக்குள் போகும், வால்கயிறு மறுமுனையோடு முடியும். டாகிள் எப்போதும் மேலே என்று நினைவு வைத்தால் கொடி தலைகீழாக ஏறவே ஏறாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த இங்கிள்ஃபீல்டு கிளிப் இருந்தால் இன்னும் சுலபம், இரண்டு உலோகக் கொக்கிகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். எதுவும் இல்லையென்றால் மீனவர்கள் வலை பின்னும் முடிச்சைப் போடச் சொல்லுங்கள். கப்பலில் கொடி கட்ட நாங்கள் போட்டதும் அதே முடிச்சுதான். இழுக்க இழுக்க இறுகும், நனைந்தாலும் அவிழ்க்க வரும்.

அதிகாரி கால் வைக்கும் நொடியில் கொடி விரியவேண்டும் என்றால் சுருட்டி ஏற்றவேண்டும். கொடியை மேசையில் விரித்து நீளவாக்கில் பாதியாக மடியுங்கள், மறுபடியும் பாதி. 600 மி.மீ. அகலம் 150 ஆகும். பறக்கும் முனையிலிருந்து கம்பத்தோரம் நோக்கி, கையில் துணி பிசையும் அளவுக்குத் தளர்வாகச் சுருட்டுங்கள். வால்கயிற்றைச் சுருட்டலின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றில் கயிற்றை மடக்கி, அந்த மடக்கை மட்டும் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். முனையைச் செருகிவிட்டால் அது முடிச்சு; கீழிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, ஊரே பார்க்கக் கம்பத்தை உலுக்க வேண்டியிருக்கும். கதர்த் துணி நனைந்தால் ஊதும், அதனால் மழை நாளில் இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்றே போதும். உள்ளே பூ வைப்பது நம் வழக்கம். உதிரிப் பூவாக ஒரு கைப்பிடி வைக்கலாம், ஈரப் பூ கூடாது. துணியோடு ஒட்டிக்கொண்டு கறை விழும். பதவிக்கொடியில் பூவே வேண்டாம்.

சுருட்டலை உச்சிக்கு ஏற்றிய பிறகு ஏற்றும் கயிற்றைக் கட்டிவிடுங்கள். இறக்கும் கயிறு ஒருவர் கையில் இருக்கட்டும். சட்டென்று ஒரே இழுப்பு. மெதுவாக இழுத்தால் பாதி திறந்து மாட்டும்.

கார் கொடியும் நட்சத்திரத் தகடும் அதிகாரி வண்டிக்குள் இருக்கும்போது மட்டுமே தெரியவேண்டும். அவர் இறங்கியதும் ஓட்டுநர் உறை போடுவார். "படம் எடுக்கணும், கொஞ்சம் திறந்து வையுங்க" என்று அவரைக் கேட்காதீர்கள், சங்கடப்படுத்தாதீர்கள். படகில் போனால் பதவிக்கொடி படகின் முன்முனையில், என்சைன் பின்முனையில். படகின் நடுவில் பந்தல் போட்டு அதன் உச்சியில் கட்டும் வழக்கம் எந்த விதியிலும் இல்லை.

சாவு வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே தவறு நடந்தால் அந்தக் குடும்பத்துக்குக் காலத்துக்கும் வலிக்கும். ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் தேசியக்கொடி பெட்டியின்மேல் போர்த்தப்படும்போது காவி தலைப்பக்கம் இருக்கவேண்டும். குழிக்குள் கொடி இறங்கக் கூடாது, சிதையில் எரியக் கூடாது. அதற்கு முன் படையினர் எடுத்து மடிப்பார்கள், அந்த இரண்டு நிமிடம் கூட்டம் விலகி இடம் கொடுக்கவேண்டும். ஊர்க் கம்பத்தில் அரைக்கம்பம் இறக்குவதாக இருந்தால் முதலில் உச்சி வரை ஏற்றிவிட்டுப் பிறகுதான் பாதிக்கு இறக்கவேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பிறகே முழுதாக இறக்கவேண்டும். நேராகப் பாதியில் கட்டி நிறுத்துவதைத்தான் பல இடத்தில் பார்க்கிறோம்.

ஆகவே விழாக் குழுவினரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் வருகிறவரின் பதவியையும் கொடி உண்டா என்பதையும் அவருடைய அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசியக்கொடி ஒன்றை மட்டும் முறையாக ஏற்றுங்கள். எந்தக் கடற்படை அதிகாரியும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிளக்ஸில் கொடிப்படம் போடாதீர்கள். அது கிழிந்து ரோட்டோரம் கிடக்கும்போது மிதிபடுவது அந்தக் கொடிதான். தோரணத்துக்குச் சிக்னல் கொடி தைத்து வைத்துக்கொண்டால் பத்து வருடம் வரும். சங்கப் பாட்டுக் காலத்திலேயே புகார்த் துறையில் நின்ற நாவாய்களின் உச்சியில் கொடி ஆடியிருக்கிறது. இந்தக் கரைக்கு அந்த அழகு புதிதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு இறக்குவதற்கு ஒருவர் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள், இல்லையென்றால் கொடி மூன்று நாள் அங்கேயே நனையும். பதவிக்கொடி என்றால் அதிகாரி புறப்படும்போதே இறங்கும். அவருடைய ஆட்களிடம் அப்போதே கொடுத்துவிடுங்கள், நினைவாக வைத்துக்கொள்ளக் கேட்காதீர்கள். உங்கள் கொடியை நிழலில் உலர்த்திவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு பீரோவில் வைத்தால் மார்கழிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். கொடி இறங்கிய கம்பத்தில் கயிறு தொங்குமே, அதைக் கம்பத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு முளையில் இழுத்துக் கட்டுங்கள். ராத்திரி வாடையில் கம்பத்தோடு உரசிக்கொண்டே இருந்தால் ஜனவரி 26 காலையில் கொடி பாதி ஏறியிருக்கும்போது அறுந்துபோகும்.

இப்படிக்கு,
நாகை, காரைக்கால் கரையோர ஊர்களைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கடற்படை சிக்னல் பிரிவினர்